பக்கவாட்டு ஸ்கூப்: துளை போடும் முன் காற்றை அளந்து பாருங்கள்

கோலாலம்பூர் சாலைகளில் பின் சக்கரத்துக்கு முன்னால் கறுப்பு ஸ்கூப் (காற்றைப் பிடிக்க வெளியே துருத்தி நிற்கும் வாய்) வைத்த கார்களைப் பார்த்திருப்பீர்கள். பல கார்களில் அது இருபக்க டேப்பில் ஒட்டிய அலங்காரம்தான், பின்னால் துளையே இருக்காது. இங்கே விளக்குவது நிஜமாகவே காற்றைப் பிடித்துப் பின் பிரேக் டிஸ்க்குக்குக் கொண்டுபோகும் ஸ்கூப்.

இது யாருக்குத் தேவை? பின்னால் டிரம் பிரேக் இருக்கும் சாகா, மைவி போன்ற கார் வேலைக்கும் சந்தைக்கும் போய்வருகிறது என்றால் பாடியை வெட்டவே வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் சூட்டின் பெரும்பங்கு முன் டிஸ்க்கில்தான் ஏறும். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் நாறினால் அதற்கு மருந்து சின்ன கியர், ஸ்கூப் அல்ல. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் உள்ள காரைச் செப்பாங் கார்ப் பந்தய ஓடுதளத்தில் ஓட்டுபவர்கள், முன் பிரேக்குக்கு ஏற்கெனவே காற்றுக்குழாய் போட்டுவிட்டவர்கள், இவர்களுக்குத்தான் இது பயன்படும். டொயோட்டா எம்ஆர்2 போல எஞ்சின் நடுவில் இருக்கும் காரிலும் இதே முறையில் எஞ்சின் அறைக்குக் காற்று கொடுக்கலாம்.

காரின் தோற்றத்தை மாற்றுவதால், ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

காற்றை அளப்பது

அவசரப்பட்டு விட்டுவிடும் வேலை இதுதான், ஸ்கூப் வேலை செய்யாமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான். ஓடும் காரின் பக்கவாட்டில் காற்று தகரத்தோடு உரசி வேகம் குறைந்து ஒரு படலமாக வரும். முன் பம்பரிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி, 110 கிலோமீட்டர் வேகத்தில், சமதளத் தகடாக இருந்தாலே அந்தப் படலம் 4 செ.மீ. வரை தடித்திருக்கும். முன் சக்கரம் கிளப்பும் சுழலும் அதோடு சேரும். தகரத்தோடு படிந்த ஸ்கூப்புக்கு இந்தச் சோம்பேறிக் காற்றுதான் கிடைக்கும். பாடிக்குள் அமிழ்ந்த நாக்கா வடிவ வாயும் படலம் மெல்லியதாக உள்ள இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும், பின்பக்கத்துக்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

முதலில் 8 செ.மீ. கம்பளி நூல்களை 5 செ.மீ. இடைவெளியில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். நண்பர் பக்கத்துத் தடத்தில் வர, அவர் காரில் இருப்பவர் வீடியோ எடுக்கட்டும். நூல் நேராகப் பின்னோக்கிக் கிடக்கும் இடம் நல்ல இடம். துடித்துச் சுழன்றால் அங்கே வேண்டாம்.

அடுத்து 6 மி.மீ. தெளிவான பிளாஸ்டிக் டியூப். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும். அதை யு வடிவில் ஒரு பலகையில் கட்டிச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை ஸ்கூப் வரப்போகும் இடத்தில், வாய் முன்னோக்கியபடி. மறுமுனை சக்கர வளைவுக்குள், டிஸ்க்குக்குப் பக்கத்தில். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் காற்றைத் தள்ளப்போகும் விசை. சக்கர வளைவுக்குள் அழுத்தம் கூடினால், வாயை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் காற்று உள்ளே வராது. வெளியே போக வழி இருந்தால்தான் உள்ளே வரும்.

90 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முழு வேகத்தோடு மோதினால் சுமார் 37 மி.மீ. தண்ணீர் ஏறும். டியூப் வாயைத் தகரத்திலிருந்து 5, 15, 30 மி.மீ. தள்ளி வைத்து மூன்று தடவை பாருங்கள். அளவைப் பயணி குறித்துக்கொள்ளட்டும், ஓட்டுநர் அல்ல. எந்தத் தூரத்திலும் தண்ணீர் மட்ட வித்தியாசம் 15 மி.மீ. எட்டவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

வார்ப்பு

வாய் 110 x 40 மி.மீ. வைத்தால் 75 மி.மீ. குழாயின் பரப்புக்குச் சரியாக வரும். வாயின் உள்விளிம்பு தகரத்திலிருந்து 10–15 மி.மீ. விலகி நிற்கட்டும், படலத்தின் மிக மெதுவான அடிப்பகுதி அந்த இடைவெளியில் கடந்து போய்விடும். உதடு கூர்மையாக இல்லாமல் 6 மி.மீ. உருண்டிருக்க வேண்டும்.

பி.யூ. நுரையைச் செதுக்கி அச்சு செய்யுங்கள். வெள்ளைத் தெர்மோகோலைப் பாலியஸ்டர் ரெசின் கரைத்துவிடும். அச்சின் மேல் பேக்கிங் டேப், அதன் மேல் மெழுகு மூன்று பூச்சு. பிறகு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள ஃபைபர் மேட் மூன்று அடுக்கு, சுற்றிலும் 20 மி.மீ. விளிம்போடு. ரெசின் மேட் எடையைப் போல இரண்டரை மடங்கு ஆகும், இரண்டு ஸ்கூப்புக்கு ஒரு கிலோ போதும். ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். நம் வெயிலுக்கு ஹார்டனர் 1 விழுக்காடு, அதாவது 2 கிராம், போதும். கூட ஊற்றினால் கப்பிலேயே புகைந்து இறுகிவிடும். கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கலக்காத ரெசின் என்றால் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலந்து, அதன் பிறகே ஹார்டனர். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும். முகமூடி, கையுறை கட்டாயம்.

வெட்டுதல், பொருத்துதல்

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். உள் டிரிம்மை எடுத்துவிட்டு, சீட்பெல்ட் சுருள், ஒயர், பெட்ரோல் ஊற்றும் குழாய் எங்கே போகின்றன என்று பாருங்கள். வெளித்தகரத்தை மட்டும்தான் வெட்டலாம். தூண், கதவடிச் சட்டம், உள் வலுத்தகடு எதையும் தொடக் கூடாது. அவை குறுக்கே வந்தால் ஸ்கூப்பை நகர்த்துங்கள்.

நான்கு மூலையிலும் 12 மி.மீ. துளை போட்டு, அவற்றுக்கு நடுவே ஜிக்சாவில் வெட்டுங்கள். மூலை உருண்டிருந்தால் தகரம் கிழியாது. கிரைண்டர் வேண்டாம், பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்தில் தீப்பொறி ஆபத்து. வெட்டிய விளிம்பில் அன்றைக்கே எப்பாக்சி பிரைமர் இரண்டு பூச்சு அடித்து, காய்ந்ததும் உட்பக்கம் மெழுகு தெளிக்கவும். பினாங்குக் கடற்காற்றில் ஒரு வாரம் வெறும் தகரமாக விட்டால் துரு ஏறிவிடும்.

ஸ்கூப்பை ஒட்டிப் பட்டி பூசி மறைக்க ஆசை வரும். ஃபைபரும் தகரமும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை, அதனால் சில மாதத்தில் ஓரம் நெடுகச் சாயம் வெடிக்கும். ஆறு எம்5 ஸ்குரூ, ஸ்டீல் ரிவெட் நட், நடுவே ரப்பர் கேஸ்கெட். விளிம்பு தெரியத்தான் செய்யும். ஆனால் வேண்டும்போது கழற்றலாம்.

குழாய்க்குச் சிலிகான் பூசிய கண்ணாடியிழை ஹோஸ். அலுமினிய ஹோஸ் அதிர்வில் கிழியும். நடுவே காற்றிடைவெளி உள்ள டிஸ்க் என்றால், ஹோஸ் முனை டிஸ்க்கின் நடுக்கண்ணைப் பார்க்க வேண்டும். டிஸ்க் சுழலும்போது அங்கிருந்துதான் காற்றை வெளியே தள்ளும். ஒரு முகத்தில் மட்டும் அடித்தால் டிஸ்க் ஒருபக்கம் குளிர்ந்து விரிசல் விடலாம். ஒற்றைத் தகடு என்றால் காற்றை இரு முகத்துக்கும் பிரியுங்கள். ஜாக்கியால் சக்கரத்தை முழுக்க மேலே தள்ளிப் பாருங்கள், அப்போதும் டயருக்கும் ஹோஸுக்கும் 25 மி.மீ. இடைவெளி வேண்டும்.

ஹோஸ் தாழ்ந்து வளையும் இடத்தில் 8 மி.மீ. வடிகால் துளை போடுங்கள். பிறகு தோட்டக் குழாயால் ஐந்து நிமிடம் வாயில் தண்ணீர் அடித்துப் பாருங்கள், காரின் பின்பக்கச் சாமான் அறைக்குள் ஒரு சொட்டுகூட வரக் கூடாது. இதே ஹோஸை எஞ்சின் ஏர் ஃபில்டருக்கு இழுத்துவிடாதீர்கள். மாலை மழையில் சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கடைசியாக, ஸ்கூப் வாயை டேப்பால் மூடி ஐந்து சுற்று, திறந்து ஐந்து சுற்று. ஒவ்வொரு முறையும் பிட்டுக்குள் (ஓடுதளத்தோரம் கார் நிறுத்தும் இடம்) நுழைந்ததும் வெப்பமானியால் டிஸ்க்கை அளந்து எழுதுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால், ஸ்கூப்பை விட்டுவிட்டுக் காற்று வெளியேறும் பக்கத்தைத் திரும்பப் பாருங்கள்.