சித்தப்பாவின் ஃபாரத்தை நிரப்பும் முன்

குமரி மாவட்டத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து கிளம்பும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். ஜி.பி. என்ற குடும்ப டாக்டரிடம் பதிவு, என்.ஐ. என்ற தேசியக் காப்பீட்டு நம்பர், பேங்க் கணக்கு எல்லாம் முதல் மாதத்திலேயே முடிந்துவிடும். சொல்லித்தர நூறு பேர் இருக்கிறார்கள்.

உங்கள் விசாவில் அரசு உதவித்தொகை கிடையாது. அதனால் 'பிப்' என்ற மாற்றுத்திறனாளிப் பணம் நமக்கு எதற்கு என்று இருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். நான் அங்கே போய் மூன்றாம் வாரமே, அங்கேயே குடியிருந்து பிப் வாங்கும் சித்தப்பா ஒரு கவரை நீட்டினார். "மக்ளே, நீ படிச்ச புள்ள இல்லியா, இத ஒண்ணு எழுதித் தா."

பிப்பில் அன்றாடப் பராமரிப்புக்கு ஒரு பங்கு, நடமாட்டத்துக்கு ஒரு பங்கு. இரண்டிலும் சாதாரணம், உயர்ந்தது என்று படிகள். இடையிடையே மறு ஆய்வு ஃபாரம் வரும். ஊரில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் டாக்டர் போடும் 40 சதவீதம்தான் நமக்குப் பழக்கம். அங்கே சதவீதத்தையும் நோயின் பெயரையும் வைத்து முடிவு செய்வதில்லை. எத்தனை மீட்டர் நடக்க முடியும் என்பார்கள். 20 மீட்டர் தாண்ட முடியாவிட்டால் உயர்ந்த படி. 20 தாண்டி 50-க்குள் நின்றுவிட்டால் சாதாரணம். நம் ஆட்களோ யார் கேட்டாலும் "சொகமா இருக்கேன்" என்பார்கள். வலியைச் சொன்னால் கௌரவம் போய்விடுமாம்.

சரி, நான் மாட்டிய இடத்துக்கு வருகிறேன். 'இந்த மாற்றம் எப்போதிலிருந்து?' என்று ஃபாரத்தில் கேட்பார்கள். சித்தப்பாவின் மூட்டு ஒன்றரை வருஷமாகவே மோசம். புதிதாகச் சொன்னால் அவசரம் தெரியும் என்று நினைத்து 'போன மாதம்' என எழுதினேன். அவருக்கு 66 முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அப்போது அந்த நாட்டு ஓய்வூதிய வயது அதுதான். 2026 ஏப்ரலிலிருந்து 2028-க்குள் அது 67 ஆகிறது. அந்த வயதுக்குப் பிறகு கால் மோசமானால் நடமாட்டப் பங்கு சாதாரணத்திலிருந்து உயராது. அந்தப் பங்கே இல்லாதவருக்குப் புதிதாகவும் கிடைக்காது. பராமரிப்புப் பங்கு மட்டும் கூடும். சித்தப்பாவுக்கு அதுதான் நடந்தது. உயர்ந்த படி இருந்தால்தான் அந்தப் பணத்துக்கு ஈடாக மோட்டபிலிட்டி என்ற திட்டத்தில் வாடகைக் கார் எடுக்கலாம், அதுவும் போயிற்று. ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்டோம். தேதி என் கையெழுத்தில் இருந்தது, கீழே அவர் கையெழுத்து. என்ன பேசுவது?

ஆகவே வீட்டில் 65 நெருங்கும் யாராவது பிப் வாங்கினால், ஃபாரம் வரட்டும் என்று இருக்காதீர்கள். மோசமானதை ஓய்வூதிய வயதை எட்டும் முன்பே போன் செய்து சொல்லச் சொல்லுங்கள். ஜி.பி.யின் குறிப்பில் எந்தத் தேதி இருக்கிறது என்று பார்த்து, அதையே எழுதுங்கள். பிப்பே வாங்காதவர் அந்த வயதைத் தாண்டிவிட்டால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற முதியோர் பராமரிப்புப் பணம்தான் கேட்க முடியும். அதில் நடமாட்டத்துக்கென்று காசே கிடையாது.

இதைத் தக்கலை வீட்டுத் திண்ணையில் இருந்து எழுதுகிறேன். சித்தப்பாவும் லீவுக்கு வந்திருக்கிறார். வாசல் கேட்டுக்குப் போகும் வழியில் பலா மரத்தடியில் ஒருமுறை உட்கார்ந்துதான் எழுகிறார். நான் அடி அளந்து பார்த்தேன், பதினைந்து மீட்டர்கூட வராது. இன்னும் இரண்டு மாதம் இருக்கட்டும் என்கிறாள் சித்தி. சும்மா வந்தவர் 13 வாரத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் இருக்கிற பணமும் நிற்கும். திருவனந்தபுரத்திலிருந்து ரிட்டர்ன் டிக்கெட்டைப் பதினோராவது வாரத்துக்கே போட்டுவிட்டேன். இந்த முறை தேதியை மூன்று தரம் பார்த்தேன்.