ஹோம் சர்வர் வாங்கப் போறீங்களா? ப்ராசஸரை மட்டும் பாத்து காசைக் கொட்டிடாதீங்க

வீட்ல விர்ச்சுவலைசேஷனுக்குன்னு, அதாவது ஒரே மெஷினுக்குள்ள பல கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டுறதுக்குன்னு, ஒரு சர்வர் வைக்கணும்னு கிளம்புறவங்க முதல்ல தேடுறது ப்ராசஸரைத்தான். எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ்னு நாலு நாள் உக்காந்து ஒப்பிட்டுப் பாத்து, கையில இருக்குற காசுல முக்கால்வாசியை அதுலயே போட்டுட்டு, மிச்சத்துக்கு 8 ஜிபி ரேமும் கிடைச்ச எஸ்எஸ்டியும் வாங்கி முடிச்சிடுவாங்க. அப்புறம் மூணாவது விஎம் (உள்ள ஓடுற விர்ச்சுவல் மெஷின்) ஸ்டார்ட் பண்ணும்போது பாத்தா ப்ராசஸர் 5 சதவீதத்துல சும்மா கிடக்கும், ரேம் மட்டும் மூச்சு முட்டி நிக்கும்.

இது ஏன் இப்படின்னு புரிஞ்சுக்கிட்டா பாதி தப்பு தானா நின்னுடும். ப்ராசஸர்ங்கறது எல்லாரும் மாத்தி மாத்தி யூஸ் பண்ற சமாச்சாரம். 4 கோர் இருக்குற மெஷின்ல எல்லா விஎம்முக்கும் சேத்து 12 விசிபியு (விஎம்முக்குத் தெரியுற கோர்) கூட தாராளமா கொடுக்கலாம், ஏன்னா வீட்டு சர்வர்ல முக்கால்வாசி நேரம் எல்லாமே தூங்கிட்டுதான் இருக்கும். ரேம் அப்படி இல்ல. ஒரு விஎம்முக்கு 4 ஜிபி கொடுத்தீங்கன்னா உள்ள இருக்குற லினக்ஸ் கொஞ்ச நாள்லயே மிச்ச இடத்தை எல்லாம் டிஸ்க் கேஷா நிரப்பிக்கும், வெளிய இருக்குற ஹோஸ்ட்டுக்கு, அதாவது நிஜ மெஷினுக்கு, அது காலியான்னே தெரியாது. பலூனிங் (விஎம் யூஸ் பண்ணாத ரேமை திருப்பி வாங்குறது), கேஎஸ்எம் (ஒரே மாதிரி இருக்குற ரேம் பக்கங்களை ஒண்ணாக்குறது) எல்லாம் கொஞ்சம் கை கொடுக்கும்தான், ஆனா அதை நம்பி கணக்கு போடாதீங்க. டிஸ்க்கை நிர்வகிக்க இசட்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டம் வேற போட்டா அது தன் கேஷுக்குன்னு தனியா ஒரு பங்கு எடுத்துக்கும். அதனால நான் யாருக்கு சொன்னாலும் 32 ஜிபில ஆரம்பிங்கன்னுதான் சொல்றேன், ப்ராசஸர் ரெண்டு தலைமுறை பழசா இருந்தாலும் பரவால்ல. சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் விஎம்முக்கு பதிலா, ஹோஸ்ட்டோட கெர்னலையே பங்கு போட்டுக்குற கன்டெய்னர் போட்டாலே ரேம் நிறைய மிச்சம் ஆகும்.

வாங்குறப்ப மெஷின்ல எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எவ்ளோ ஏத்தலாம்னும் பாத்துடுங்க. இன்டெல் என்100 ப்ராசஸர் போட்ட மினி பிசி கரண்ட் விஷயத்துல ரொம்ப நல்லது, ஆனா ரேமுக்குப் போற பாதை அதுல ஒண்ணுதான் (சிங்கிள் சேனல்), இன்டெல் அதுக்கு 16 ஜிபிதான் அதிகபட்சம்னு சொல்லுது. சில மினி பிசில ரேமை போர்டுலயே சால்டர் பண்ணிருப்பாங்க, அதை வாங்கினா அதோட முடிஞ்சது கதை.

ரேம் வகை விஷயத்துல நானே அனுபவப்பட்டேன். செகண்ட் ஹேண்ட்ல 16 ஜிபி டிடிஆர்4 குச்சி நாலு கிடைச்சுது, வாங்கிட்டு வந்து டெஸ்க்டாப் போர்டுல போட்டேன், ஸ்லாட்ல கச்சிதமா உக்காந்துச்சு, ஆனா டிஸ்ப்ளேவே வரல. ரெண்டு ராத்திரி போர்டு, எஸ்எம்பிஎஸ்னு ஒவ்வொண்ணா கழட்டி மாட்டினேன். கடைசில குச்சி மேல ஒட்டிருந்த லேபிளை டார்ச் அடிச்சுப் படிச்சப்பதான் விஷயம் புரிஞ்சுது: பிசி4-2400டி-ன்னு போட்டு அதுக்கு அடுத்து ஆர்னு ஒரு எழுத்து. ஆர்னா ரெஜிஸ்டர்ட், சர்வர் போர்டுக்கானது. அந்த இடத்துல யு இருந்தா சாதாரண டெஸ்க்டாப் ரேம், ஈ இருந்தா ஈசிசி (ரேம்ல வர்ற தப்பைக் கண்டுபிடிச்சு திருத்துறது) உள்ள டெஸ்க்டாப் வகை. டிடிஆர்4ல இந்த மூணுக்கும் குச்சியோட அடியில இருக்குற வெட்டு ஒரே இடத்துலதான் இருக்கு, அதனால ஸ்லாட்ல உக்காருதேன்னு நம்பிடாதீங்க, அந்த ஒத்தை எழுத்தைப் பாருங்க.

அடுத்து பெரிய ராக் சர்வர் ஆசை. பழைய சர்வர் சல்லிசா கிடைக்குதுன்னு தூக்கிட்டு வந்துடுவாங்க. ஒரு வாட் வருஷம் முழுக்க ஓடினா 8.76 யூனிட். ரெண்டு ப்ராசஸர் போட்ட பழைய ராக் சர்வர் சும்மா இருக்கும்போதே 100 வாட் தாண்டுறது சகஜம், அதாவது வருஷத்துக்கு 876 யூனிட்டுக்கு மேல. சத்தம் தனி, 1யு சர்வர்ல (ராக்ல ஒரு தட்டு உயரம்தான் இருக்குறது) இருக்குற குட்டி ஃபேன் போடுற சத்தத்துல பக்கத்து ரூம்ல கூட தூங்க முடியாது. அதுக்கு ஆஃபீஸ்ல கழிச்சு விடுற ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, எலைட்டெஸ்க் மினி, திங்க்சென்டர் டைனி மாதிரி குட்டிப் பெட்டி எவ்வளவோ மேல். ஐ5-8500டி போட்டது கிடைச்சா 6 கோர் இருக்கு, ரெண்டு ரேம் ஸ்லாட் இருக்கு, ஐடில்ல ரொம்ப கம்மியா கரண்ட் இழுக்கும். டிடிபி நம்பரைப் பாத்து கரண்ட் பில் கணக்கு போடாதீங்க, அது லோடுல வர்ற சூட்டுக்கான கணக்கு. ஐடில்ல எவ்ளோ இழுக்கும்ங்கறது போர்டு, பவர் சப்ளை, டிஸ்க் எல்லாம் சேந்துதான்.

பாஸ்த்ரூ, அதாவது ஒரு கார்டை நேரா ஒரு விஎம்முக்கே ஒப்படைக்கிற ஐடியா இருந்தா மட்டும் இதைக் கவனிங்க. இன்டெல் ப்ராசஸர்ல விடி-எக்ஸ்ங்கற வசதி இருந்தா விஎம் ஓடும், ஆனா கார்டை நேரா விஎம்முக்குள்ள கொடுக்க விடி-டிங்கற இன்னொரு வசதி வேணும். ஐ7-2600கே, 3770கே, 4770கே இதுல எல்லாம் விடி-டி கிடையாது, கே இல்லாத 3770ல, 4770ல இருக்கு! விலை கூடின ப்ராசஸர்ல தான் எல்லாம் இருக்கும்னு நினைக்கிறது இங்க செல்லாது. போர்டும் ஐஓஎம்எம்யு குரூப்பை (சேத்துதான் கொடுக்க முடியுற கார்டுகளோட கூட்டம்) ஒழுங்கா பிரிக்கணும், இல்லன்னா ஒரு கார்டைக் கொடுக்கப் போய் கூடவே நெட்வொர்க் கார்டும் போயிடும்.

டிஸ்க்லதான் மனசு வலிக்கிற மாதிரி தப்பு நடக்குது, ஏன்னா இதுல போறது டேட்டா. டிராம் (எஸ்எஸ்டியோட சொந்த மெமரி) இல்லாத க்யூஎல்சி எஸ்எஸ்டி (ஒரு செல்லுல நாலு பிட் அடைக்கிற மலிவு வகை) முதல் சில ஜிபி வரைக்கும் பறக்கும், உள்ள இருக்குற வேகமான எஸ்எல்சி கேஷ் நிரம்பினதும் ஹார்டு டிஸ்க்கை விட மோசமா கூட இறங்கிடும், அஞ்சாறு விஎம் ஒரே நேரத்துல எழுதும்போது மொத்த சர்வரும் உறைஞ்ச மாதிரி நிக்கும். பவர் லாஸ் ப்ரொடெக்ஷன் (திடீர்னு கரண்ட் போனாலும் டேட்டாவைக் காப்பாத்துறது) உள்ள என்டர்ப்ரைஸ் எஸ்எஸ்டி செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா, ஸ்மார்ட் ரீடிங் (டிஸ்க் தன் ஆரோக்கியத்தைப் பத்தி வச்சிருக்குற கணக்கு) நல்லா இருந்தா, யோசிக்காம எடுங்க. ஹார்டு டிஸ்க் வாங்கினா சிஎம்ஆரான்னு (டிராக்குகள் தனித்தனியா இருக்குற வகை) மாடல் நம்பரை வச்சு உறுதி பண்ணுங்க, நாஸுக்குன்னே (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) வித்த சில டிரைவ்கள் எஸ்எம்ஆர்னு (டிராக் மேல டிராக் ஏறி இருக்குற, திருப்பி எழுத மெதுவான வகை) 2020ல தான் வெளிய வந்துச்சு. எஸ்எம்ஆர் டிஸ்க்கை இசட்எஃப்எஸ்ல போட்டு ஒண்ணு செத்துட்டா ரீசில்வர் (புது டிஸ்க்ல டேட்டாவைத் திரும்ப நிரப்புறது) நாள்கணக்குல இழுக்கும். பல டிஸ்க்கை ஒண்ணா காட்டுற ரெய்டு கார்டு மேல இசட்எஃப்எஸ் போடாதீங்க, டிஸ்க்கை அப்படியே காட்டுற ஐடி மோட்ல இருக்குற ஹெச்பிஏ கார்டு போதும்.

நெட்வொர்க் கார்டு பத்தி ஒரு வார்த்தை. விஎம் ஓட்டுறதுக்கு ப்ராக்ஸ்மாக்ஸ்ங்கற சாஃப்ட்வேர் போடுறீங்கன்னா ரியல்டெக் கார்டு பெரும்பாலும் ஓடிடும். அதே வேலைக்கான விஎம்வேரோட ஈஎஸ்எக்ஸ்ஐ கத்துக்கணும்னா இன்டெல் கார்டு இருக்குற மெஷினா பாருங்க, 2020ல வந்த 7.0ல பழைய லினக்ஸ் டிரைவர் ஆதரவை எடுத்துட்டாங்க, அதோட ரியல்டெக்கை ஒட்டுப்போட்டு ஓட்டின வழியும் போச்சு.

செகண்ட் ஹேண்ட் மெஷின்னா காசு கொடுக்குறதுக்கு முன்னாடி பென்டிரைவ்ல ஒரு லைவ் லினக்ஸ் கொண்டு போங்க. பயாஸ்ல விர்ச்சுவலைசேஷனை ஆன் பண்ணிப் பாருங்க, ஏஎம்டில அது எஸ்விஎம்னு இருக்கும், பல போர்டுல ஆஃப் ஆகித்தான் இருக்கும். கரண்ட் போய் வந்தா தானா ஆன் ஆகுற செட்டிங் இருக்கான்னு அங்கயே பாத்துடுங்க. அப்புறம் லினக்ஸ்ல எல்எஸ்பிசிஐ, ஸ்மார்ட்சிடிஎல்ங்கற ரெண்டு கமாண்டையும் ஓட்டி கார்டையும் டிஸ்க்கையும் பாத்துட்டு வாங்குங்க. வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி எதையும் இன்ஸ்டால் பண்ணாம ரேமை சோதிக்கிற மெம்டெஸ்ட் போட்டுட்டு தூங்குங்க, காலைல ஒரு எரர் இருந்தாலும் அந்தக் குச்சியை அப்பவே திருப்பிக் கொடுத்துடுங்க.