‘ரிக்வெஸ்ட்’டுக்குப் பின்னால் ‘ஃபார்’ போடலாமா?

லீவ் லெட்டரோ, பேங்க் மேனேஜருக்குக் கடிதமோ, ‘ரிக்வெஸ்ட்’ இல்லாமல் நமக்கு எழுதவே வராது. தகராறு அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ‘ஃபார்’ தான்.

வினைச்சொல்லாக வந்தால் ‘ஃபார்’ வேண்டாம். ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் எ நியூ செக் புக்’ தவறு; ‘ஐ ரிக்வெஸ்ட் எ நியூ செக் புக்’ சரி. பெயர்ச்சொல்லாக வந்தால் அதே ‘ஃபார்’ வேண்டும்: ‘மை ரிக்வெஸ்ட் ஃபார் எ நியூ செக் புக்’. கடிதத்தின் சப்ஜெக்ட் வரியில் ‘ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்று எழுதுவது இதனால்தான் சரி.

குழப்பமாக இருந்தால் அந்தச் சொல்லுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். மை, யுவர், எ, தி என்றால் பெயர்ச்சொல். ஐ, வீ, தே என்றால் வினை.

‘ஆஸ்க் ஃபார்’ என்று சொல்லிப் பழகிய வாய், இங்கேயும் ‘ஃபார்’ போட்டுவிடுகிறது. ஆளைக் குறிப்பிட்டுக் கேட்பதானால் ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு...’ என்று ஆரம்பித்தால் வம்பே இல்லை.

‘டிமாண்ட்’டும் இதே ஜாதி. ‘ஆர்டர்’ வினையாக வரும்போதும் அப்படித்தான்: ஹோட்டலில் ‘வீ ஆர்டர்டு ஃபார் தோசை’ என்காதீர்கள், ‘வீ ஆர்டர்டு தோசை’ போதும். ‘ஐ ஆர்டர்டு தோசை ஃபார் மை சன்’ என்றால் சரி, அந்த ‘ஃபார்’ பையனுக்கானது.