பழைய கொமிக்ஸைப் புதுசாக்காதீர்கள்: வன்னியில் சித்திரக்கதை சேர்ப்பவர்கள் விடும் தவறுகள்

மல்லாவியில் ஒரு வீட்டு விறாந்தையில் அந்தப் பையை அவிழ்த்தபோது மேலே இருந்த முத்து காமிக்ஸின் அட்டை கண்ணாடி போலப் பளபளத்தது. "தம்பி, எல்லாத்தையும் வடிவாத் துடைச்சு, கிழிஞ்ச இடத்துக்கு ரேப் ஒட்டி, கொமினிக்கேசனில குடுத்து அட்டையை லமினேற் பண்ணிப்போட்டன். நல்ல விலைக்குப் போகும்தானே?" என்று கேட்டார் அந்த அக்கா. பதினொரு புத்தகங்கள். ஒவ்வொன்றின் முதற்பக்கத்திலும் யாரோ எழுதியிருந்த பெயருக்கு மேல் ரிப்பெக்ஸ் பூசி மறைத்திருந்தார். அதற்குக் கீழே நீல மை இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

அவ்வளவு அக்கறையாகச் செய்த வேலைதான் அந்தப் புத்தகங்களின் பெறுமதியைக் குறைத்தது என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். அன்று அவருக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வன்னியில் பழைய கொமிக்ஸ் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தேவைப்படும்.

சேகரிப்பாளர்கள் பழைய புத்தகத்தில் தேடுவது அதன் பழைமையைத்தான். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சீ.ஜீ.சீ. என்ற நிறுவனம் கொமிக்ஸ்களைத் தரம்பிரித்து, பிளாஸ்ரிக் உறைக்குள் முத்திரையிட்டுக் கொடுக்கத் தொடங்கியது. 0.5 முதல் 10 வரை புள்ளி. சாதாரணப் பிரதிக்கு நீல நிறச் சீட்டு வைப்பார்கள். நிறம் தீட்டியது, கிழிசலை ஒட்டியது, துண்டு வைத்து நிரப்பியது என்று திருத்தவேலை நடந்த பிரதிக்கு ஊதா நிறச் சீட்டு. அந்த ஊதாவைக் கண்டதும் பல வாங்குநர்கள் கையை எடுத்துவிடுவார்கள். பார்வைக்கு அழகான ஊதாச் சீட்டுப் பிரதியைவிட, கசங்கிக் கிழிந்தும் கைபடாமல் இருக்கிற நீலச் சீட்டுப் பிரதி கூடிய விலைக்குப் போவதும் உண்டு.

சாதாரண செலோரேப்பைத் திருத்தவேலை என்றுகூட எவரும் மதிப்பதில்லை, அது வெறும் சேதம். சில வருடங்களில் அதன் பசை மஞ்சளித்து, கடதாசிக்குள் ஊறி, அடுத்த பக்கத்துக்கும் கறையைக் கொண்டுபோகும். லமினேற் அதைவிட மோசம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கை அட்டையைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. பக்கங்களைப் பிடித்திருக்கும் கம்பிப் பின் துருப்பிடித்தால் அதைக் கழற்றிப் புதுப் பின் அடிக்கிறார்கள், அதையும் விட்டுவிடுங்கள். கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும். அது மேலும் கிழியாமல் உறைக்குள் வைத்தால் போதும்.

பெயரை அழிப்பதுதான் என்னை அதிகம் வருத்துகிற தவறு. முதற்பக்கத்தில் ஒரு பெயர் இருந்தால் தரம் சிறிதளவு குறையலாம். அதை அழிறப்பரால் தேய்த்தால் கடதாசியின் மேற்படை உரிந்து, தரம் இன்னும் கீழே போகும். பெயர் எழுதியதாலேயே விலை கூடிய புத்தகங்களும் உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் லமொன்ற் லார்சன் என்ற சிறுவனுக்காகக் கடைக்காரர் எடுத்துவைத்த கொமிக்ஸ்களின் அட்டையில் 'லார்சன்' என்று பென்சிலால் எழுதியிருப்பார்கள். இன்றைக்கு ஏலத்தில் அந்தப் பென்சில் எழுத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். இன்னாரிடமிருந்து வந்தது என்பதற்கு அது அத்தாட்சி.

என்னிடம் இருக்கும் ஒரு புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். முதற்பக்கத்தில் நீல மையில் ஒரு பெயர், அதன் கீழ் '8ஆம் வகுப்பு'. பக்கத்தில் பென்சிலால் வேறொரு பெயர், வேறொரு ஊர். நடுப்பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் வட்டமான முத்திரை, பாதி அழிந்த ஊதா நிறத்தில். பின்னட்டையின் கீழ் ஓரத்தில் விரலால் இழுத்ததுபோல ஒரு செம்மண் கறை. யுத்தத்தில் பாதை பூட்டியிருந்த காலங்களில் வன்னிக்குள் புதுப் புத்தகம் வருவது அருமை. இருந்த ஒன்றைத்தான் ஊர் முழுக்க வாசித்தோம். இடம்பெயர்ந்தபோது சிலர் அதைச் சோத்துப் பானையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்கள், சிலர் விட்டுவிட்டுப் போனார்கள், இன்னொருவர் எடுத்து வைத்துக்கொண்டார். இதையெல்லாம் சொல்ல அந்த அடையாளங்களைத் தவிர வேறு எதுவும் மிஞ்சவில்லை. அதற்கு மேல் ரிப்பெக்ஸ் பூச எனக்கு மனம் வராது.

இன்னொரு விடயமும் இதற்குள் இருக்கிறது. கைவிடப்பட்ட வீட்டில் கண்டெடுத்த புத்தகத்தை விற்கும் முன் பெயரைப் படம் எடுத்து, தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உரியவர் கனடாவிலோ சுவிசிலோ இருக்கலாம். அமெரிக்க நடிகர் நிக்கொலஸ் கேஜிடம் இருந்த, சூப்பர்மேன் முதலில் தோன்றிய அக்ஷன் கொமிக்ஸ் முதல் இதழ் 2000இல் களவு போய், 2011இல் ஒரு வாடகைக் களஞ்சிய அறையில் கிடைத்தது. உரியவரிடம் திரும்பிச் சேர்ந்து, அதே வருடம் 21.6 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. ஒரு பிரதி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பல வருடங்களுக்குப் பிறகும் எழும்பும்.

அடுத்தது வைத்திருக்கிற விதம். 1977இல் அமெரிக்காவின் கொலராடோவில் எட்கர் சேர்ச் என்பவரின் வீட்டில் ஆயிரக்கணக்கான பழைய கொமிக்ஸ்கள் புதுசு போலவே கிடைத்தன. இறுக்கமாக அடுக்கி வைத்திருந்ததும் அந்த மலைப்பக்கத்தின் வறண்ட காற்றும்தான் காரணம். எங்களுக்கு அந்தக் காற்று இல்லை. ஐப்பசி தொடங்கினால் மாரி, சுவரே வியர்க்கும். பிறகு சோளகம், அதோடு கிறவல் வீதிப் புழுதி. மேலே தகரக் கூரை. மலிவான அச்சுக்கடதாசியில் மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் அப்படியே கிடக்கும். வெளிச்சமும் சூடும் பட்டால் அது பழுத்து அமிலமாகி, பக்கம் அப்பளம் போல நொறுங்கும்.

ஆகவே கூரைக்குக் கிட்டவுள்ள பரண் வேண்டாம். நிலத்திலும் வேண்டாம், கறையான் ஒரு இரவில் வேலையைக் காட்டிவிடும். றங்குப்பெட்டியை நாலு கல்லின் மேல் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கறையான் மண் கோடு இழுத்துக்கொண்டுதான் ஏறும். இடைவெளி இருந்தால் அந்தக் கோடு கண்ணில் படும். மாரியில் கிழமைக்கொரு தடவை கல்லைச் சுற்றிப் பாருங்கள்.

உறை வாங்கும்போது மணத்திப் பாருங்கள். புதுப் பந்து போலக் கடுமையாக மணக்கும் பீ.வீ.சீ. பிளாஸ்ரிக் காலப்போக்கில் அமிலம் கக்கும், அட்டையின் மையையும் ஒட்டி இழுக்கும். மைலார் எனப்படும் பொலியெஸ்டர் உறை மிகச் சிறந்தது, விலையும் அதிகம். கட்டுப்படியாகாவிட்டால் பொலிப்ரொப்பிலீன் உறை போட்டு, சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பின்னால் வைக்கும் மட்டை அமிலம் இல்லாததாக இருக்கவேண்டும். பிஸ்கற் பெட்டி மட்டையை வெட்டி வைத்தால் அதன் பழுப்பு பின்னட்டைக்கு ஏறும்.

நனைந்த புத்தகத்தை வெயிலில் காயப்போடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. வெயில் நிறத்தை உறிஞ்சும், பக்கம் அலையலையாகச் சுருண்டுவிடும். நிழலில், காற்றாடி ஓடும் அறையில், பக்கங்களுக்கு இடையே அச்சிடாத வெள்ளைக் கடதாசி வைத்து, அதை மாற்றி மாற்றிக் காயவிடுங்கள். பூச்சி பிடித்த, ஆனால் காய்ந்த புத்தகம் என்றால், காற்றுப் புகாத பைக்குள் கட்டிக் குளிர்சாதனப்பெட்டியின் பிறீசருக்குள் இரண்டு கிழமை வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்கக் கூடாது. குளிர் முழுக்க ஆறட்டும், இல்லாவிட்டால் கடதாசி வியர்த்து நனைந்துவிடும்.

பழசு எல்லாம் அரிது என்று நினைப்பதும் ஒரு தவறு. முத்து காமிக்ஸ் 1972இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984இல் வந்தன. மாயாவி கதைகள் பிற்காலத்தில் பலமுறை மறுபதிப்பாகியுள்ளன. கதையின் பெயரைப் பார்த்து மட்டும் 'முதல் பதிப்பு' என்று சொல்லிவிடாதீர்கள். அட்டை விலை, இதழ் எண், உள்ளே வரும் விளம்பரங்கள், அடுத்த வெளியீட்டு அறிவிப்பு எல்லாம் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். அமெரிக்காவிலும் இதே சிக்கல்தான். 1938இல் சூப்பர்மேன் முதலில் தோன்றிய அக்ஷன் கொமிக்ஸ் இதழை 1974இல் பெரிய அளவில் அப்படியே மறுபதிப்பாக வெளியிட்டார்கள். அதன் வெளியுறையை மட்டும் கழற்றிவிட்டு அசல் என்று விற்றவர்கள் இருக்கிறார்கள். அளந்து பார்த்தால் பிடிபடும்.

பக்கங்களை எண்ணாமல் தரம் சொல்லாதீர்கள். நாங்கள் சின்ன வயதில் படங்களை வெட்டிக் கொப்பியில் ஒட்டினோம். வல்வரின் என்ற நாயகன் முதலில் முழுமையாகத் தோன்றும், அமெரிக்க ஹல்க் கொமிக்ஸின் 181ஆம் இதழுக்குள், 1974இல், வெட்டிச் சேர்ப்பதற்கென்றே ஒரு சிறு முத்திரைப் படம் அச்சிட்டிருந்தார்கள். பிள்ளைகள் வெட்டினார்கள். அந்தச் சதுரம் இல்லாத பிரதியின் விலை இன்று அடியோடு விழுகிறது. எண்ணும்போது கடதாசித் தாளுக்குத் தாள், இரண்டு பக்கமும் பாருங்கள்.

பிறகு புள்ளி போடுகிற அவசரம். எங்களுக்குள் புத்தகம் கைமாறும்போது '9.5 தரம்' என்று எழுதுவதில் பொருள் இல்லை. 'முதுகில் நாலு மடிப்புக் கோடு, இரண்டு பின்னிலும் துரு, 17ஆம் பக்கத்தில் அரை அங்குலக் கிழிசல், முதற்பக்கத்தில் பெயர், பக்கங்கள் முழுமை' என்று எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில் முன்னட்டை, பின்னட்டை, முதுகு, நடுப்பக்கத்துப் பின் ஆகிய நாலையும் படம் எடுத்துப் போடுங்கள். குறையை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், அடுத்த புத்தகத்துக்கும் அதே ஆள் வருவார்.

விலைக்கு அமெரிக்கச் செய்தியை அளவுகோலாக எடுக்காதீர்கள். அந்த அக்ஷன் கொமிக்ஸ் முதல் இதழின் 8.5 தரப் பிரதி 2024இல் 60 இலட்சம் டொலருக்குப் போனது உண்மைதான். அந்தத் தொகைக்குள் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் அறவிடும் மேலதிகக் கட்டணமும் அடக்கம். அது விற்றவர் கைக்குப் போவதில்லை. எங்கள் புத்தகத்தின் விலையை, அதே இதழ் கடைசியாக உண்மையில் எவ்வளவுக்கு விற்றது என்பதை வைத்துத்தான் சொல்லலாம். ஒருவர் கேட்ட விலை வேறு, கொடுத்த விலை வேறு.

வட்ஸ்அப்பில் ஏலம் விடுவதானால் முடியும் நேரத்தை எழுதி, 'இலங்கை நேரம்' என்றும் குறிப்பிடுங்கள். ரொறன்ரோ கோடையில் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. இங்கே வேலைநாள் இரவு 9 மணிக்கு முடித்தால் அங்கே ஆட்கள் வேலையில் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நல்லது. தபால் செலவு யாருடையது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பொதி கட்டுவதில் கடைசித் தவறு நடக்கிறது. போன வருடம் எனக்கு வந்த ஒரு ராணி காமிக்ஸ், உறைக்குள் அருமையாக இருந்தது. வெளியே எடுக்கும்போது உறையின் வாயில் ஒட்டியிருந்த ரேப் அட்டையில் பட்டு, ஒரு விரல் நீளத்துக்கு நிறத்தை உரித்துவிட்டது. அனுப்பியவர் கவனமில்லாதவர் அல்லர், ரேப்பின் நுனியை மடித்துவிட மறந்திருக்கிறார். நுனியைக் கொஞ்சம் மடித்து ஒட்டினால் பிடித்து இழுக்க இலகு. ரேப் முழுவதையும் கழற்றிய பிறகே புத்தகத்தை எடுங்கள், இல்லாவிட்டால் உறையின் வாயை வெட்டிவிடுங்கள். உறை போனால் இன்னொன்று வாங்கலாம். உறையைப் புத்தகத்தைவிடப் பெரிய இரண்டு மட்டைகளுக்கு நடுவே வைத்து, நாலு மூலையிலும் மட்டையோடு மட்டையை ஒட்டி, அதற்கு மேல் பொலித்தீன் சுற்றுங்கள். மாரியில் அனுப்புவதென்றால் இரண்டு சுற்று.