ஹார்மோன் மாத்திரைக்கு முன் ஒரு நோட்டு

பீடி சுற்றிக்கொண்டிருந்த மதினி திடீரெனத் தட்டை மடியிலிருந்து தள்ளி வைத்தாள். கழுத்து வியர்வை சொட்டித் தூள் நனைந்துவிடும் என்ற பயம். அம்பாசமுத்திரத்தில் மார்கழிக் காலை அது. அவளுக்கு வயது 48, தீட்டு நிற்கும் பருவம்.

"ஹார்மோன் மாத்திரை இருக்கிறதாமே, நெஞ்சுக்கும் நல்லதாம். வாங்கித் தாயேன்."

நர்ஸாக வேலை பார்த்தவள் நான். கடையில் வாங்கித் தர மறுத்துவிட்டேன்.

அவள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இரத்தக் குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்க வைக்கும். குழாய் தளர்ந்து கொடுக்கும். கன்னடியன் கால்வாயில் மடைப் பலகையைத் தூக்குவது போல. தீட்டு நின்றபின் பலகை கொஞ்சம் இறங்குகிறது. கருப்பைத் தமனியிலும் மூளைக்குப் போகும் கழுத்துத் தமனியிலும் தடை கூடுவதை, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் அளக்கலாம். ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அந்தத் தடை குறைந்தது.

ஆனால் ஸ்கேனில் எண் குறைந்தால் இதயம் தப்பித்தது என்று பொருளில்லை. 2002இல் அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் போன்ற செயற்கை ஹார்மோன்) சேர்த்து எடுத்த பெண்களுக்குப் பக்கவாதம், இரத்தக் கட்டி, மார்பகப் புற்றுநோய் கூடியதால் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். அவர்களின் சராசரி வயது 63. அதனால் வயதும், தீட்டு நின்று எத்தனை ஆண்டு என்பதும் முக்கியம்: 60க்குள், அல்லது நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கினால் ஆபத்து குறைவு. நெஞ்சைக் காக்க என்று கேட்காதீர்கள். திடீரென உடல் சூடேறி வியர்ப்பதற்கும் தூக்கமின்மைக்கும் கேளுங்கள்.

டாக்டரிடம் போகும்முன், பீடிக் கணக்குக்குப் பாஸ்புக் வைப்பது போல ஒரு நோட்டுப் போடுங்கள். கடைசியாகத் தீட்டு வந்த தேதி, ஒரு வாரத்து இரத்த அழுத்தம், காலில் இரத்தம் கட்டியதுண்டா, கல்லீரல் நோய் உண்டா, உங்களுக்கோ அம்மா, அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்ததா. கருப்பை எடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். சினைப்பையையும் எடுத்தார்களா என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் வேண்டும், இல்லாவிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய்வரை போகலாம். தோலில் ஒட்டும் பட்டையோ ஜெல்லோ கிடைக்குமா என்றும் கேளுங்கள். இரத்தம் கட்டும் ஆபத்து மாத்திரையைவிட அதில் குறைவு.

தீட்டு நின்று ஓராண்டு கழிந்து ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் நோட்டுக்குக் காத்திராமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

மதினியின் நோட்டில் இரத்த அழுத்தத்தின் முதல் வரி 150/96. டாக்டர் முதலில் அதற்குத்தான் மருந்து எழுதினார். ஹார்மோன் பேச்சை அடுத்த மாதம் எடுப்போம் என்றிருக்கிறார். நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது, தினமும் எழுதுகிறாள்.