பியூப்லோ போர்வையைப் படிப்பது எப்படி? ஆரம்பநிலைக்காரர்களுக்கு

அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் அமெரிக்கத் தென்மேற்கின் போர்வைப் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் நியூ மெக்சிகோ, அரிசோனா பக்கத்துப் பூர்வகுடிகளான பியூப்லோ மக்கள் நெய்ததைக் கண்டுபிடித்து, அதன் அர்த்தத்தையும் எட்டிப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பெரிய அளவுப் படத்தை இறக்கி கணினியில் பாருங்கள், கைபேசியில் இழை தெரியாது.

படி 1: நிறத்தை விடுங்கள், வடிவத்தைப் பாருங்கள். பெண்கள் உடுத்தும் 'மாண்டா' என்ற போர்வை அகலத்தில் பெரியது, உயரத்தில் குட்டை. பாவு (தறியில் முதலில் இழுத்துக் கட்டும் நூல்) அந்தக் குட்டைப் பக்கமாகவே ஓடும்.

படி 2: இங்கேதான் சிக்கல், ஏனென்றால் பக்கத்தில் வாழும் இன்னொரு பூர்வகுடியான நவஹோ பெண்களும் இதே வடிவத்தில் நெய்திருக்கிறார்கள். அவர்கள் பகுதி பகுதியாக நெய்வதால் துணியில் மெல்லிய சாய்கோடுகள் விழும். பியூப்லோ நெசவில் ஊடை (பாவுக்குக் குறுக்கே போகும் நூல்) பெரும்பாலும் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நேராகப் போகும், அதனால் அந்தக் கோடுகள் அபூர்வம். அப்புறம் நடுப்பகுதியைப் பெரிதாக்குங்கள்: ஜீன்ஸ் துணிபோலச் சாய்வு நெசவு, கரைப்பகுதியில் வைர வடிவ நெசவு என்றால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

படி 3: வெறும் வெள்ளைத் துணி வந்தால் தாண்டிப் போகாதீர்கள், என் கணக்கில் விஷயமே அங்கேதான் இருக்கிறது. பியூப்லோ மக்களில் ஒரு பிரிவான ஹோப்பிகளிடம் நெசவு ஆண்கள் வேலை, பெரும்பாலும் கிவா என்ற சடங்கு அறையில் நடக்கும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் மணப்பெண்ணுக்காகப் பெரிதும் சிறிதுமாக இரண்டு வெள்ளைப் பருத்திப் போர்வைகளும், நீளக் குஞ்சம் தொங்கும் ஓர் இடைக்கச்சையும் செய்து தருவார்கள். வெள்ளை மேகம், குஞ்சம் மழை. வானம் பார்த்த பூமியில் மக்காச்சோளம் விளைவிப்பவர்களுக்கு இது வெறும் அலங்காரமில்லை. இறந்தவர்கள் மேகமாகித் திரும்பி வந்து மழை தருவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை, அந்த மணப்பெண் பிற்காலத்தில் இறக்கும்போது அந்தப் பயணத்துக்கும் இதே கல்யாணப் போர்வைதான். இதற்கு மேல் சடங்கு விவரங்களை அவர்களே வெளியில் பேச விரும்புவதில்லை, நானும் தோண்டுவதில்லை.

பின்சேர்க்கை: கோடு போட்ட கம்பளிப் போர்வைக்கு படி 1 பொருந்தவில்லையே என்று கேட்டிருந்தார்கள். உண்மைதான், அந்த விதி மாண்டாவுக்கு மட்டும். கம்பளி தரும் செம்மறியாடு 1598 வாக்கில் ஸ்பானியக் குடியேறிகளோடு வந்தது, பருத்தி அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு: நான்கு ஓரமும் பாருங்கள். பாவு நூலை வெட்டாமல் நெய்வதால் நான்கிலும் கரை முடிந்திருக்கும். எந்த ஓரத்திலாவது வெட்டிய நூல் தெரிந்தால் விற்பவரிடம் எந்த ஊர், யார் நெய்தது என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.