ஆடுகிற பல்லும் அடங்காத சர்க்கரையும்

நீடாமங்கலத்தில் எனக்கு மருந்துக்கடை. 31 வருஷமாக அதே கல்லா, அதே ஸ்டூல். ரயில்வே கேட் மூடினால் கடையில் கூட்டம் சேரும். நிற்கிற பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, "தம்பி, பல்வலிக்கு ரெண்டு குடு" என்று கேட்கும் பெரியவர்கள் அதில் எப்போதும் உண்டு. நானும் கொடுப்பேன். கேட் திறந்ததும் ஓடிவிடுவார்கள். அதே ஆட்கள் மாதம் பிறந்தால் சர்க்கரை மாத்திரைக்கும் வருவார்கள். சீட்டில் 500 மில்லிகிராம் 1000 ஆகும், கூட இன்னொரு மாத்திரை சேரும். சர்க்கரை மட்டும் இறங்காது. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்கு 25 வருஷம் பிடித்தது. அதுவும் கடைக்கு வந்தவர்களைப் பார்த்து இல்லை, வீட்டில் என் அம்மாவைப் பார்த்து.

அம்மாவுக்கு அப்போது 71 வயது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வெற்றிலை, கூடவே புகையிலை. அதுவும் கும்பகோணம் கொழுந்து வெற்றிலைதான் வேண்டும். (2025இல் அந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தனக்கே பட்டயம் கொடுத்த மாதிரி தெருவெல்லாம் சொன்னார்.) ஈறில் ரத்தம் வருகிறதா என்று ஒருநாளும் யாரும் கவனித்ததில்லை. எப்படிக் கவனிப்பது? துப்புவதெல்லாம் சிவப்பு. ஒருமுறை காய்ச்சலில் நாலு நாள் வெற்றிலை போடாமல் கிடந்தார். பல் தேய்த்து வெள்ளை வாஷ்பேசினில் துப்பினார், அப்போதும் சிவப்பு. அன்றைக்குத்தான் செல்போன் டார்ச் அடித்து அம்மாவின் வாயைப் பார்த்தேன். கீழ் முன்பற்களுக்குப் பின்னால் பழுப்பாகக் காரை, சுவர்ப் பூச்சு மாதிரி. இரண்டு பல் விரலுக்கு ஆடியது. ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிறவன் வீட்டில் இந்த லட்சணம்.

ஆகவே முதல் வேலை பார்ப்பது. காலையில், வெற்றிலை போடுவதற்கு முன், காபிக்கும் முன். பெரியவரைப் பல் தேய்த்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் துப்பச் சொல்லுங்கள். சிவப்போ ரோஸோ தெரிந்தால் ஈறு நோய் என்று வைத்துக்கொண்டே மேலே போகலாம். தெரியாவிட்டாலும் நிம்மதி அடைய வேண்டாம். பீடி, சிகரெட் குடிக்கிறவர்களுக்கு ஈறின் ரத்தக்குழாய் சுருங்கிப்போவதால் நோய் முற்றினாலும் ரத்தம் அதிகம் கசியாது. அதனால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈறு வெளிறிய ரோஸாக இல்லாமல் கருஞ்சிவப்பாக உப்பியிருக்கிறதா, பல் முன்பைவிட நீளமாகத் தெரிகிறதா, பல்லுக்கிடையில் புதிதாகச் சந்து விழுந்திருக்கிறதா, அழுத்தினால் சீழ் வருகிறதா, வாயில் விடாத நாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. வலிக்கத் தொடங்கும்போது பல் போகிற கட்டம் வந்திருக்கும்.

வாயைத் திறக்க மறுக்கிற பெரியவர் என்றால் தட்டைப் பாருங்கள். என் அம்மா முதலில் முறுக்கை நிறுத்தினார், அப்புறம் வறுத்த கடலை, அப்புறம் கீரைத்தண்டு. கடைசியில் குழைந்த சாதமும் ரசமும், ராத்திரிக்கு காபியில் நனைத்த பிஸ்கட். "பசிக்கலப்பா" என்றுதான் சொன்னாரே தவிர, மெல்ல முடியவில்லை என்று சொல்லவில்லை. காயும் பருப்பும் போய் மாவும் சர்க்கரையுமே சாப்பாடாக மாறினால் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? இன்னொரு அடையாளம் எங்கள் பக்கத்துக்கே உரியது. பெட்டியிலிருந்து வெற்றிலை இடிக்கிற சின்ன உரல் வெளியே வந்துவிட்டதென்றால் பல் கதை முடியப்போகிறது என்று அர்த்தம்.

உள்ளே நடப்பது இதுதான். பல்லில் படிகிற பிசுபிசுப்பான படலம் முழுக்கக் கிருமிக் கூட்டம். அதைத் தினமும் தேய்த்து எடுக்காவிட்டால் சில நாளில் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறிக் காரையாக இறுகிவிடும். பிறகு பிரஷ் அதை ஒன்றும் செய்யாது. இந்தக் கட்டத்தில் ஈறு மட்டும் வீங்கியிருந்தால் முழுக்கச் சரியாகும். கிருமி ஈறுக்கு அடியில் இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் போன எலும்பு தானாகத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பை மாதிரியான இடைவெளியின் ஆழம் மூன்று மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. நாலும் அதற்கு மேலும் என்றால் கவனிக்க வேண்டும். முற்றியவர்களுக்கு எல்லாப் பல்லையும் சுற்றி அந்தப் பைகளுக்குள் இருக்கும் புண்ணை விரித்துப் போட்டால் ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு வரும். காலில் அவ்வளவு பெரிய புண் ஆறாமல் இருந்தால் சர்க்கரைக்காரரைச் சும்மா விடுவோமா?

அந்தப் புண்ணின் அழற்சி ரத்தத்தில் கலந்து இன்சுலின் வேலையைக் கெடுக்கிறது. சர்க்கரை ஏறினால் ஈறு ஆறும் சக்தி குறைகிறது. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே போகும். ஈறுக்கு முறையாக வைத்தியம் செய்தவர்களுக்கு மூன்று நாலு மாதத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி, ஏறக்குறைய 0.4 புள்ளி இறங்குவதைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கேட்கச் சின்ன எண். ஆனால் கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தாலும் சில சமயம் அவ்வளவுதான் இறங்கும். அம்மாவுக்கு 9.1 இருந்தது, நாலு மாதம் கழித்து 8.5. மாத்திரையை மாற்றவில்லை. முழுப் பெருமையையும் ஈறுக்குக் கொடுக்க மாட்டேன், பிஸ்கட்டும் நின்றது.

நெஞ்சு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஈறு நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வருவது உண்மை. ஆனால் ஈறுதான் அதற்குக் காரணம் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. புகையிலையும் சர்க்கரையும் இரண்டுக்கும் பொதுவான வேர். பல்லைச் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மறதி நோய்க்கும் ஈறுக்கும் முடிச்சுப் போடும் ஆராய்ச்சியும் அப்படித்தான், நடந்துகொண்டிருக்கிறது. நுரையீரல் விஷயம் வேறு, அது படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பற்றியது. அதற்குக் கீழே வருகிறேன்.

இனி பல் டாக்டரிடம் போவது. இதுதான் கஷ்டமான கட்டம். "கிளீன் பண்ணினா இருக்கிற பல்லும் ஆடும்" என்று எங்கள் தெருவில் சொல்லாத ஆள் இல்லை. அம்மாவும் அதைத்தான் சொன்னார். ஆடுகிற பல்லைக் காரைதான் சிமென்ட் மாதிரி கட்டி வைத்திருக்கிறது. அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டமும் சந்தும் வெளியே தெரிகின்றன, கொஞ்ச நாள் கூச்சமும் இருக்கும். அவ்வளவுதான். இதை முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போனால் பிறகு சண்டை வராது. தாலுகா அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் பல் மருத்துவர் இருக்கிறார். பெரிய வேலை என்றால் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி உண்டு. எங்கே போனாலும் காலை சாப்பாட்டையும் சர்க்கரை மாத்திரையையும் முடித்துக்கொண்டு முற்பகலில் போங்கள். பட்டினியில் போய் நாற்காலியில் சர்க்கரை இறங்கி மயங்கியவர்கள் உண்டு.

போகும்போது மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இது மருந்துக்கடைக்காரனின் வேண்டுகோள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ வார்ஃபரினோ சாப்பிட்டால் சொல்ல வேண்டும். ஆனால் பல் பிடுங்கப் போகிறோமே என்று நீங்களாக நிறுத்தக் கூடாது, நிறுத்திப் பக்கவாதம் வந்தால் யார் பொறுப்பு? எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் பிடுங்குவதற்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. இதயத்தில் செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவைப்படும். இன்னொன்று, நான் ஆயிரக்கணக்கில் விற்கிற பிரஷர் மாத்திரை அம்லோடிபின். அது சிலருக்கு ஈறைத் தடிக்க வைத்துப் பல்லின்மேல் ஏறச் செய்யும். அப்படி இருந்தால் பிரஷர் டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்.

கடையில் வந்து ஆன்டிபயாடிக் கேட்பது வீண். காரை அங்கேயே இருக்கும்வரை மாத்திரையால் வீக்கம் நாலு நாள் அடங்கும், மறுபடி வரும். வலி மாத்திரையைத் தினசரி விழுங்கினால் சிறுநீரகமும் பிரஷரும் கெடும். கிராம்புத் தைலத்தை நேராக ஈறில் வைத்தால் வெந்துவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் இதத்துக்கு நல்லது, வைத்தியம் இல்லை. குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி நல்ல பொருள்தான், டாக்டர் சொன்ன நாள் மட்டும். இரண்டு வாரத்தைத் தாண்டினால் பல் பழுப்பேறும். பேஸ்ட் போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் கொப்பளிக்க வேண்டும்.

பல் துலக்குவது. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று அம்மா வாதாடுவார். அதில் வரும் வேல் கருவேலம், வேம்பு இல்லை என்று நானும் பதிலுக்கு வாதாடுவேன். குச்சி கெடுதல் இல்லை, ஆனால் வயதானவர்களின் பல்லுக்குப் பின்பக்கம் அது போகாது. செங்கல் பொடியும் சாம்பலும் கரியும் வேண்டவே வேண்டாம், ஈறு இறங்கிய இடத்தில் பல்லின் கழுத்தையே அறுத்துவிடும். புகையிலை கலந்த பற்பொடிக்கு 1992இலேயே தடை வந்துவிட்டது. வாயில் விறுவிறு என்று பிடிக்கிற பெயர் தெரியாத பொடியை இன்னும் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

மென்மையான பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் பட்டாணி அளவு. பிரஷ்ஷின் முடி பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படுகிற மாதிரி சாய்த்து வைத்து, இருக்கிற இடத்திலேயே சின்னதாக அசைக்க வேண்டும், மரம் அறுக்கிற மாதிரி இழுக்கக் கூடாது. மொத்தம் இரண்டு நிமிஷம். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அங்கேதான் மென்மையாக நின்று தேய்க்க வேண்டும். ராத்திரித் துலக்கல்தான் காலையை விட முக்கியம், தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைகிறது. ஈறு இறங்கிச் சந்து விழுந்தவர்களுக்குப் பல்லிடுக்கில் விட்டு இழுக்கிற நூல் சரிப்படாது, பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷின் குட்டி மாதிரி சந்துப் பிரஷ் கிடைக்கும், அது எளிது. அம்மாவுக்கு விரல் மூட்டு வீங்கிப் பிரஷ் பிடியில் நிற்கவில்லை. சைக்கிள் ஹேண்டில்பார் உறை ஒன்றை வாங்கிக் காம்பில் செருகிக் கொடுத்தேன். பேரன் சிரித்தான், "அப்பாயி சைக்கிள் ஓட்டுது" என்று. வேலை நடந்தது.

படுக்கையில் இருப்பவர்களுக்கு வருகிறேன். என் மாமனார் பக்கவாதத்தில் இரண்டு வருஷம் படுத்திருந்தார். விழுங்கும் சக்தி குறைந்தவர்களின் எச்சில் தூக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் கசியும். வாயில் கிருமி மண்டிக் கிடந்தால் அது நிமோனியாவில் போய் நிற்கும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம் பார்த்தார்கள். வேளாவேளைக்கு வாய் துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, மற்றவர்களில் 19 சதவீதம். அந்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. இங்கே பாயைத் திருப்பிப் போடுகிறோம், முதுகுக்குப் பவுடர் போடுகிறோம், வாயை மட்டும் மறந்துவிடுகிறோம்.

தலையை உயர்த்தி ஒருபக்கமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். கன்னத்துக்குக் கீழே துண்டு. சின்னப் பிரஷ்ஷில் பேஸ்ட் பட்டும் படாமல், தண்ணீர் பிழிந்து, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஈரத் துணியைச் சுற்றிய விரலால் நுரையைத் துடைத்து எடுங்கள். பல்லுக்கு நடுவே விரலை விடாதீர்கள், கடித்தால் உங்களுக்குத்தான் கஷ்டம். நாக்கையும் துடைத்து, உதட்டில் துளி தேங்காய் எண்ணெய். மொத்தம் ஐந்து நிமிஷம். என் மனைவி காலையில், நான் கடை மூடி வந்து ராத்திரியில்.

பல்செட் போட்டவர்களுக்கு ஒன்றே ஒன்று. ராத்திரி கழற்றிவிட வேண்டும். போட்டபடியே தூங்கும் 85 வயதைத் தாண்டியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் என்பதும் ஜப்பானில் கண்டதுதான். சோப்பும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவிப் பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள், வெந்நீரில் வளைந்துவிடும்.

சில விஷயங்களுக்குக் காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வெள்ளையோ சிவப்போ திட்டு, வாயில் மூன்று விரல் செங்குத்தாக நுழையாத நிலை இருந்தால் உடனே காட்டுங்கள். புகையிலை மட்டுமில்லை, பாக்கும் புற்றுநோய்ப் பொருள்தான். தாடை வீங்கிக் காய்ச்சலோடு விழுங்கக் கஷ்டப்பட்டால் அன்று ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மாவிடம் பேரம் பேசியதில் புகையிலை நின்றது, எட்டு இரண்டானது. அந்த இரண்டுக்கும் பல் டாக்டர் முகம் சுளிக்கிறார், அம்மா கண்டுகொள்வதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளீனிங்குக்குப் போய்வருகிறோம். பிரஷ் மாற்றும் கணக்கு அம்மாவுடையது. சித்திரை ஒன்று, ஆடி ஒன்று, ஐப்பசி ஒன்று, தை ஒன்று. அதே வாரத்தில்தான் மூன்று மாதச் சராசரிக்கும் ரத்தம் கொடுக்கிறோம். பழைய பிரஷ் குத்துவிளக்கின் சந்து துலக்கப் போய்விடும்.